பிள்ளைகளுக்குத் தனி கேபின் போடலாமா? – கப்பல் பயணக் கேள்வி பதில்

பள்ளி விடுமுறை நெருங்கினாலே கப்பல் பயணம் பற்றிய கடிதங்கள் கூடிவிடும். இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சொல்கின்றன: வளர்ந்த பிள்ளைகளை எங்கே படுக்க வைப்பது? பயணிகள் கப்பலில் கெஸ்ட் சர்வீஸ் கவுண்டரில் பல வருடம் நின்றவள் நான். கேபின் விஷயமாக வந்து நிற்கும் அப்பா அம்மாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த வாரம் முழுக்க அதற்கே.

நான், கணவர், 16 வயது மகன், 13 வயது மகள். முதல் முறையாக ஏழு இரவு கப்பல் பயணம் போகிறோம். நாலு பேருக்கும் ஒரே கேபின் போதும் என்கிறார் கணவர். எனக்கு இரண்டு வேண்டும் என்று தோன்றுகிறது. பிள்ளைகள் மட்டும் ஒரு கேபினில் தங்க கப்பல்காரர்கள் விடுவார்களா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

இரண்டு போடுங்கள். உங்கள் கணவர் மனதில் ஹோட்டல் அறை இருக்கிறது என்று நினைக்கிறேன். கப்பலில் சாதாரண கேபின் சுமார் 150 முதல் 200 சதுர அடிதான். அதற்குள்ளேயே குளியலறை, அலமாரி, மேஜை எல்லாம். நாலு பேர் கேபின் என்றால் இரண்டு கட்டில், ஒரு சோபா, கூரையிலிருந்து இறங்கும் மேல் படுக்கை ஒன்று. இரவில் சோபாவை விரித்துவிட்டால் நடக்க இடமில்லை. பால்கனி இருந்தாலும் அங்கே போக யார் காலையாவது தாண்டித்தான் போக வேண்டும். மேல் படுக்கையில் உங்கள் 16 வயதுப் பையன் நிமிர்ந்து உட்கார முடியாது. சாப்பாட்டு நேரத்துக்கு முன் நாலு பேரும் ஒரே குளியலறைக்கு வரிசையில் நிற்கும்போது எல்லோருக்கும் எரிச்சல் வரும். உடை மாற்றவே கூச்சப்படும் வயதில் இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இரண்டாவது குளியலறை மட்டுமே போதும் காரணம்.

செலவைப் பற்றி அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கப்பல் கட்டணம் கேபினுக்கு இரண்டு பேர் என்ற கணக்கில்தான் போடப்படுகிறது. மூன்றாவது, நாலாவது ஆளுக்குப் பொதுவாகக் குறைவு. சில சமயம் அவர்களுக்குக் கட்டணமே இல்லை என்று சலுகை அறிவிப்பார்கள். இரண்டு கேபின் போட்டால் நாலு பேரும் முதல் இரண்டு ஆள் கட்டணம்தான். ஆனால் நாலு பேர் தங்கும் பால்கனி கேபின் ஒரு கப்பலில் குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும். கடைசியில் மிஞ்சியவற்றின் விலை ஏறியே இருக்கும். அந்த ஒன்றின் மொத்தத் தொகையை, உங்களுக்கு ஒரு பால்கனி கேபின், பிள்ளைகளுக்கு எதிர்ப்பக்கம் ஜன்னல் இல்லாத உள் கேபின் என்று போட்டால் வரும் மொத்தத்தோடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். துறைமுக வரியும் ஊழியர் டிப்ஸும் தலைக்கு இவ்வளவு என்பதால் இரண்டிலும் அநேகமாக ஒன்றுதான். டிக்கெட் விலையில் மட்டும்தான் வித்தியாசம். அது பல நேரம் நினைத்த அளவு இருக்காது.

இன்னொரு விஷயம். படுக்கை நாலு இருந்தும் "இந்தக் கேபினில் இரண்டு பேருக்குத்தான் இடம்" என்று பதிவின்போது சொல்வார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். கப்பலின் ஒவ்வொரு பகுதிக்கும் உயிர்காப்புப் படகில் இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. அந்தப் பகுதி நிறைந்துவிட்டால் காலிப் படுக்கை இருந்தாலும் ஆள் சேர்க்க மாட்டார்கள்.

சரி, விடுவார்களா என்ற கேள்விக்கு வருகிறேன். எல்லா நிறுவனத்துக்கும் ஒரே விதி இல்லை. ராயல் கரீபியன் கப்பல்களில், வட அமெரிக்காவிலிருந்து புறப்படும் பயணம் என்றால் ஒவ்வொரு கேபினிலும் 21 வயது நிறைந்த ஒருவர் இருக்க வேண்டும். ஐரோப்பா, ஆசியா, ஆஸ்திரேலியாவிலிருந்து புறப்பட்டால் 18 போதும். ஆனால் பெற்றோர் பக்கத்துக் கேபினிலேயே இருந்தால் பிள்ளைகளைத் தனியாக விடுவதற்கு விலக்கு உண்டு. கார்னிவல் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளை, பெற்றோர் இருக்கும் இடத்திலிருந்து மூன்று கேபின் தூரத்துக்குள் விடுகிறது. அதைவிடச் சின்னப் பிள்ளைகள் என்றால் பக்கத்திலோ நேர் எதிரிலோதான். வயதைக் கப்பல் புறப்படும் நாளில் கணக்கிடுவார்கள், பணம் கட்டும் நாளில் இல்லை. விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. ஆகவே கேபின் எண்களைச் சொல்லி, பிள்ளைகளின் வயதையும் சொல்லி, "இப்படித் தங்கலாம்" என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போனில் சொன்னார்கள் என்பது கப்பல் ஏறும் இடத்தில் செல்லாது.

ஏஜென்ட்டுகள் வழக்கமாகச் சொல்லும் வழி ஒன்று உண்டு. ஒரு கேபினில் அப்பாவும் மகனும், மற்றதில் அம்மாவும் மகளும் என்று பதிந்துவிட்டு, ஏறியபின் இடம் மாறிக்கொள்வது. நிறையக் குடும்பங்கள் இதைச் செய்கின்றன. பெரும்பாலான கப்பல்களில் கவுண்டரில் கேட்டால் மற்ற கேபினுக்கும் திறக்கும் அட்டையைத் தந்துவிடுவார்கள். எனக்கு இதில் ஆட்சேபம் இல்லை, ஒரு நிபந்தனையோடு: யார் எங்கே படுக்கிறார்கள் என்பதை கவுண்டரிலும் கேபின் ஊழியரிடமும் சொல்லிவிட வேண்டும். சத்தமில்லாமல் மாறிக்கொள்ளக் கூடாது.

ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்றால், ஆபத்து நேரத்தில் கூட வேண்டிய இடம், அதாவது மஸ்டர் ஸ்டேஷன், கேபின் பதிவை வைத்துத்தான் ஒதுக்கப்படுகிறது. பக்கத்துப் பக்கத்துக் கேபின் என்றால் பெரும்பாலும் ஒரே இடம் வரும், ஆனால் கட்டாயம் இல்லை. 2012 ஜனவரியில் கோஸ்டா கான்கார்டியா கப்பல் இத்தாலிக் கரையோரம் பாறையில் மோதிச் சாய்ந்தபோது 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறியவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி அதுவரை நடக்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும் என்று சர்வதேச விதி மாறி, 2015 முதல் நடைமுறைக்கு வந்தது. இப்போது பல கப்பல்களில் வீடியோ பார்த்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போய் முகம் காட்டினால் போதும். பிள்ளைகளை அனுப்பிவிட்டு நீங்கள் பிறகு போவது வேண்டாம், நாலு பேரும் சேர்ந்தே போங்கள். இரண்டு கேபின்களின் அட்டையிலும் ஒரே ஸ்டேஷன் எழுத்தோ எண்ணோ இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். வேறாக இருந்தால், மணி அடித்தால் யார் எங்கே ஓடுவது என்று அப்போதே பேசி முடித்துவிடுங்கள். பிள்ளையைத் தேடிக்கொண்டு கேபினுக்குத் திரும்பி ஓடும் பெற்றோர்தான் ஆபத்து நேரத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

கடைசியாக, நடுவில் கதவு இருக்கும் இரண்டு கேபின் கிடைத்தால் விடாதீர்கள். 13 வயது மகளுக்கு அதுதான் சரி. கப்பலின் தள வரைபடத்தில் அந்த ஜோடிகளுக்கு இடையே சின்னக் குறி போட்டிருப்பார்கள். "பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது" என்று ஏஜென்ட் சொன்னால் நடுக்கதவு உண்டா என்று தனியாகக் கேளுங்கள். சுவர் மட்டும் இருக்கும் ஜோடிகளே அதிகம். ஏறும்போது அந்தக் கதவு பூட்டியிருந்தால் ஊழியர் வந்து திறந்து தருவார். அந்தக் கதவு வழியே பேச்சுச் சத்தம் நன்றாகவே கேட்கும். தெரியாதவர்கள் பக்கத்தில் இருந்தால் அது தொல்லை. உங்கள் பிள்ளைகள் இருந்தால் நல்லது.

மேடம், எண் ஒதுக்காமல் "கியாரண்டி" என்று குறைந்த விலையில் தருகிறார்களே, அதில் இரண்டு கேபின் எடுத்தால் மிச்சம் பிடிக்கலாமா? மகன்களுக்கு 14, 17.
– ஒரு தந்தை

எடுக்காதீர்கள் சார். அதில் கேபினை நிறுவனம்தான் தேர்ந்தெடுக்கும், அதுவும் புறப்படும் நாள் நெருங்கியபின். இரண்டு பதிவையும் இணைத்தே வைத்திருந்தாலும் ஒன்று ஐந்தாம் தளத்தின் முன்பக்கமும் மற்றது பத்தாம் தளத்தின் கடைசியுமாக வரலாம். அப்புறம் மாற்றித் தரச் சொல்லி கவுண்டரில் நின்றால், கப்பல் நிறைந்திருக்கும் விடுமுறை நாளில் மாற்ற ஒன்றுமே இருக்காது. கண்ணீரோடு வந்த அம்மாக்களிடம் இதைச் சொல்வது அந்த வேலையிலேயே எனக்கு மிகக் கஷ்டமான நேரம். வயது விதியும் நினைவில் இருக்கட்டும்: பக்கத்தில் இருந்தால்தான் விலக்கு என்று சொல்லும் நிறுவனத்தில், தள்ளி விழுந்த கேபினில் பிள்ளைகள் தனியாகத் தங்க முடியாது. மிச்சம் பிடிக்க வேண்டுமானால் எண் தெரிந்த உள் கேபினாகப் பார்த்து எடுங்கள். இரண்டு பதிவுகளையும் ஒன்றோடொன்று இணைக்கவும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சாப்பாட்டு மேஜையும் வேறு வேறாகிவிடும்.

நான் தனியாக வளர்க்கும் அப்பா. மகளுக்கு 14 வயது. இருவரும் ஒரே கேபினில் தங்குவதா, அவளுக்குத் தனியாகப் போடுவதா என்று தெரியவில்லை. தனியாக விடப் பயமாகவும் இருக்கிறது.
– ஒரு வாசகர்

உங்கள் பயம் சரியானது. 14 வயதுப் பெண் ஒரு கேபினில் ஒற்றை ஆளாக உறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அண்ணனோ அக்காவோ கூட இருப்பது வேறு, ஒற்றையாக இருப்பது வேறு. செலவும் ஏறக்குறைய இரட்டிப்பு, ஏனென்றால் ஒருவர் மட்டும் தங்கும் கேபினுக்குப் பல நிறுவனங்கள் இரண்டு பேர் கட்டணமே வாங்குகின்றன.

ஒரே கேபினிலேயே அவளுக்கு ஒரு மறைப்பு உண்டாக்கலாம். பெரிய கட்டிலை இரண்டாகப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். அநேகமாக எல்லாக் கப்பல் கட்டிலும் அப்படிப் பிரியக்கூடியதுதான். பதிவின்போதே எழுதச் சொல்லிவிட்டு, ஏறியதும் ஊழியரிடமும் நினைவூட்டுங்கள். சில குடும்பக் கேபின்களில் கட்டிலுக்கும் சோபாவுக்கும் நடுவே திரை இருக்கும், சிலவற்றில் கழிவறையும் குளியலறையும் தனித்தனியாக இருக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும். காலையில் அவள் குளித்துத் தயாராகும் அரை மணி நேரம் நீங்கள் மேல்தளத்தில் காபி குடித்துக்கொண்டிருங்கள். அதை வழக்கமாக்கிவிட்டால் அவள் கேட்கவே வேண்டியிருக்காது.

பெற்றோரில் ஒருவரோடு மட்டும் பிள்ளை பயணம் போனால் மற்றவரின் ஒப்புதல் கடிதத்தைக் கேட்கும் நாடுகள் உண்டு. சட்டப்படி முழுப் பொறுப்பும் உங்களுடையது என்றால் அந்த ஆவணத்தின் நகலைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆன்ட்டி, எனக்கு 15 வயசு. தம்பிக்கு 12. போன பயணத்தில் நாலு பேரும் ஒரே கேபின். அப்பா குறட்டை, தம்பி லைட்டை அணைக்கவே மாட்டான். இந்த முறை எனக்கும் தம்பிக்கும் தனி கேபின் கேட்டால் அம்மா "பயமா இருக்கு"ன்னு மட்டும் சொல்றாங்க. எப்படிச் சம்மதிக்க வைக்கிறது?
– ஒரு மாணவி

அம்மாவுக்கு என்ன பயம் என்று உட்கார்ந்து கேட்டாயாம்மா? அவர் வாய்விட்டுச் சொல்லாததை நான் சொல்கிறேன், உனக்கு 15 வயதாகிவிட்டதால். அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களில் நடக்கும் குற்றங்களின் கணக்கை அந்த நாட்டு அரசு வெளியிடுகிறது. அதில் அதிகம் பதிவாவது பாலியல் குற்றங்கள்தான். ஆயிரக்கணக்கானவர்கள் ஏறும் கப்பலில் அது நடக்கும் எண்ணிக்கை சிறியதுதான். ஆனாலும் உன் அம்மா கவலைப்படுவது வீண் கவலை இல்லை.

அதனால் "என்னை நம்பு" என்று மட்டும் சொல்லாதே. என்ன செய்வாய் என்று சொல். கேபின் எண்ணை லிஃப்டிலோ, பதின்ம வயதினருக்கான டீன் கிளப்பிலோ யாரிடமும் சொல்ல மாட்டேன். (பல கப்பல்களில் சாவி அட்டையில் எண்ணை அச்சிடாததே இதற்காகத்தான்.) புதிதாகப் பழகியவர்கள் எங்கள் கேபினுக்கு வரமாட்டார்கள், நானும் அவர்கள் கேபினுக்குப் போக மாட்டேன். சந்திப்பதெல்லாம் நாலு பேர் நடமாடும் இடத்தில். கதவைத் தட்டினால் துளை வழியே பார்த்துவிட்டுத்தான் திறப்பேன். அந்தத் துளை சும்மா வைத்ததில்லை. அமெரிக்காவில் 2010இல் வந்த கப்பல் பாதுகாப்புச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. கம்பித் தடுப்பு 42 அங்குல உயரத்துக்குக் குறையக் கூடாது என்பதும் அதே சட்டத்தில்தான். பால்கனி கிடைத்தால் அந்தக் கம்பியின் மேல் ஏறுவதோ உட்காருவதோ இல்லை, தம்பியையும் விட மாட்டேன் என்று சேர்த்துச் சொல்.

இரவு நேரத்தையும் நீயே சொல். பல கப்பல்களில் 17 வயது வரையுள்ளவர்கள் நள்ளிரவு 1 மணிக்கு மேல் பெரியவர் இல்லாமல் பொது இடங்களில் இருக்கக் கூடாது. நீ அதற்கும் முன்னால் ஒரு மணியைச் சொல்லி, உள்ளே வந்ததும் கேபின் போனிலிருந்து அம்மா கேபினுக்கு அழைப்பதாகச் சொல். கேபினுக்குக் கேபின் பேசக் காசு கிடையாது.

ஒன்றை மட்டும் நீயும் ஏற்றுக்கொள்ள வேண்டும். 12 வயதுத் தம்பியோடு தனி கேபின் என்றால் அந்தக் கேபினில் பெரியவள் நீ. அவன் தூங்கும்போது அவனை விட்டுவிட்டுக் கிளப்புக்குப் போக முடியாது. கிளப்பிலும் நீங்கள் இருவரும் ஒரே குழுவில் இருக்க மாட்டீர்கள். கார்னிவலில் 12 முதல் 14 ஒரு குழு, 15 முதல் 17 வேறு குழு. நார்வேஜியன் நிறுவனக் கப்பல்களில் டீன் குழு 13 வயதில்தான் தொடங்குகிறது. அவன் முடித்து வரும் நேரமும் உன் நேரமும் ஒத்துப்போக வேண்டும். இது முடியாது என்று தோன்றினால் இந்த வருடம் அம்மாவும் நீயும் ஒரு கேபின், அப்பாவும் தம்பியும் ஒரு கேபின் என்று கேட்டுப் பார். குறட்டை அந்தப் பக்கம் போய்விடும்.

மகளுக்கு 19, அவள் தோழிக்கு 20. வட அமெரிக்காவிலிருந்து புறப்படும் கப்பலில் அவர்கள் இருவருக்கும் ஒரு கேபின், எங்களுக்கு ஒன்று. இருவரும் மேஜர்தானே, சிக்கல் வருமா?
– ஒரு தாய்

வரும். அங்கிருந்து புறப்படும் பல கப்பல்களில் 21தான் கணக்கு, 20 வயது கல்லூரிப் பெண்ணும் அந்த விதிக்குள் வருவாள். மகளுக்கு நீங்கள் பக்கத்தில் இருப்பதால் விலக்கு கிடைக்கும். தோழி உங்கள் பெண் இல்லையே. கார்னிவல் போன்ற நிறுவனங்களில் 21 நிறையாதவர்களுக்குத் துணையாக 25 வயது நிறைந்த உறவினரோ பொறுப்பாளரோ வர வேண்டும். தோழிக்கும் நீங்களே பொறுப்பாளர் என்று ஏற்பார்களா, என்ன கடிதம் வேண்டும் என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். இழுபறி ஆனால் நீங்களும் மகளும் ஒரு கேபின் என்று பதியாதீர்கள், அப்படிச் செய்தால் மற்ற கேபினில் தோழி உங்கள் கணவரோடு ஒரே பதிவில் நிற்க நேரும். அது அந்தப் பெண்ணுக்கே பிடிக்காது. நீங்களும் தோழியும் ஒரு கேபின், அப்பாவும் மகளும் ஒரு கேபின் என்று பதிந்து, மேலே சொன்னபடி கவுண்டரில் சொல்லிவிட்டு மாறிக்கொள்ளுங்கள். மது விஷயத்தில் அந்தப் பயணங்களில் 21க்குக் கீழே கிடையாது. இருவரிடமும் முன்பே சொல்லிவைப்பது நல்லது.

பிள்ளைகள் தனி கேபினில் இருந்தால் கண்டபடி செலவு செய்துவிடுவார்களோ? அவர்கள் கதவைத் திறக்க எங்களிடமும் சாவி இருக்குமா?
– ஒரு தம்பதி

கப்பலில் பணம் கையில் வாங்க மாட்டார்கள், கேபின் அட்டைதான் பணம். வீடியோ கேம் இயந்திரங்களில் அட்டையை ஒரு முறை தேய்த்தால் ஓர் ஆட்டம், கணக்கு உங்கள் பில்லில் ஏறும். பிள்ளைகள் அதைக் காசாகவே நினைப்பதில்லை. முதல் நாளே கவுண்டருக்குப் போய் அவர்கள் அட்டையில் செலவை முழுக்க நிறுத்தவோ ஒரு வரம்பு வைக்கவோ சொல்லுங்கள். கேபினில் மினிபார் இருந்தால் காலி செய்து தரும்படி ஊழியரிடம் கேளுங்கள். நாள்தோறும் கணக்கைக் கப்பலின் ஆப்பிலோ கேபின் டிவியிலோ பார்க்கலாம், கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

சாவி கேட்டால் தருவார்கள், பெற்றோர் இருவருக்குமே வாங்கிக்கொள்ளுங்கள். ஏறிய முதல் சில மணி நேரம் அந்தக் கவுண்டரில் வரிசை நீளமாக இருக்கும், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போனால் நின்று பேச நேரம் கிடைக்கும். சாவி கையில் இருந்தாலும் தட்டிவிட்டு, பதில் வந்தபின் திறவுங்கள். உள் கேபின் என்றால் விளக்கை அணைத்ததும் கும்மிருட்டு. கப்பலின் முன்பக்கக் கேமரா காட்டும் சேனல் டிவியில் இருந்தால், சத்தத்தைக் குறைத்து அதையே ஓடவிடச் சொல்லுங்கள். இரவு விளக்காகவும் ஆகும், விடிந்ததும் திரையில் வெளிச்சம் வந்துவிடும்.